நான் இருமினால் வகுப்பும் இருமும்

முதலில் வந்தது இருமல். சாரல் காலத்துத் தென்காசியில் இருமாதவர் யார்? குற்றாலத்து ஈரக்காற்று ஊரெல்லாம் வீசிக்கொண்டிருந்தது. இலஞ்சியிலிருந்து நான் வரும் பஸ்ஸில் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் வந்தார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். நீங்கள் விடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது பி.எட். இரண்டாம் ஆண்டு. பயிற்சி ஆசிரியையாக ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனது. மதியம் அவர்களோடு தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். சாரல் உள்ளே அடிக்கிறதென்று ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்போம்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. நான் போர்டுப் பக்கம் திரும்பி இருமினால், கடைசி பெஞ்சு அதே மாதிரி இருமிக் காட்டும். அதில் கெட்டிக்காரி முத்துச்செல்வி. என் இருமலின் கடைசியில் வரும் சின்ன விசிலைக்கூட விடமாட்டாள். "ஏட்டி, யாரு அது?" என்று திரும்புவேன். வகுப்பே சிரிக்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர்கள் சிரிக்கட்டும் என்று சில நாள் வேண்டுமென்றே இருமியிருக்கிறேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் கைக்குட்டையில் ரத்தம் தெரிந்தது. சாயங்காலக் காய்ச்சலும் மெலிவும் முன்பே இருந்தன. பாடக்குறிப்பு எழுதும் அலுப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். உம்மாதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா ஒரு முகக்கவசத்தை நீட்டினார். காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமித் தொற்று; டிபி என்பார்கள்). "ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாளும் விடாமச் சாப்பிட்டா குணமாயிரும்" என்றார்.

குணமாகும் என்ற சொல் காதில் ஏறவே இல்லை. "யார்ட்டயும் சொல்லிராதம்மா. வாப்பாட்ட நான் பக்குவமா போன்ல சொல்லுதேன்" என்று உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் அடுத்துக் கேட்டதுதான் காதில் ஏறியது.

"மூடின அறையில யார்கூட ரொம்ப நேரம் இருந்தீங்க?"

முப்பத்தெட்டுப் பிள்ளைகள் என்றேன். பெயர்கள் வேண்டும் என்றார். வருகைப் பதிவேடு இல்லாமலே பெஞ்சு வரிசைப்படி எழுதினேன். யாருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், யார் யாரோடு டூ விட்டிருக்கிறாள் என்பதுவரை எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சு வந்தபோது கை நின்றுவிட்டது. அந்த இருமல்களில் எது நடிப்பு?

அடுத்த வாரம் பள்ளிக்கே போய் எல்லாரையும் பரிசோதித்தார்கள். சிலருக்குத் தடுப்பு மாத்திரை (உடம்பில் புகுந்த கிருமி நோயாக வளராமல் காப்பது) கொடுத்தார்கள். நோய் இருந்தது ஒருத்திக்குத்தான். முத்துச்செல்விக்கு.

பிள்ளைகள் என்மேல் உயிராக இருக்கிறார்கள் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டவள் நான். அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்தது இதுவா?

மாத்திரை வாங்கும் வரிசையில் அவள் அம்மாவைப் பார்த்ததும் கிட்டே போனேன். "என்னாலதான்க்கா" என்றேன்.

"நீங்க வாரதுக்கு முன்னாலயே இவ இருமிக்கிட்டுத்தான் கெடந்தா டீச்சர். நான்தான் சாரல்னு விட்டுட்டேன்" என்று அவர் அழுதார்.

யார் யாருக்குக் கொடுத்தது என்று டாக்டரிடம் கேட்டோம். "இனி அதத் தேடி என்ன செய்ய? ரெண்டு பேரும் மாத்திரைய விடாமச் சாப்பிடுங்க" என்றார். இன்றுவரை எங்களுக்கு அது தெரியாது.

இப்போது ஆறு மாதமும் முடிந்து எடை திரும்பிவிட்டது. ஆனாலும் என் மூச்சை இன்னும் நானே வேவு பார்க்கிறேன். பஸ்ஸில் யாராவது இருமினால், முன்பின் தெரியாதவரிடம்கூட "எத்தன நாளா?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் முறைக்கிறார்கள்.

கடைசிப் பரிசோதனைக்குப் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தொண்டை கரகரத்து ஒருமுறை இருமினேன். பின்னாலிருந்து அதே இருமல், அந்த விசிலோடு. திரும்பினால் முத்துச்செல்வி, கன்னமெல்லாம் சதை போட்டு, சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"சும்மா டீச்சர்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கை தானாகப் போய் அவள் முதுகில் பதிந்து, அடுத்த இருமலுக்குக் காத்திருந்தது.

"சத்தியமா சும்மாதான் டீச்சர்" என்றாள். கையை எடுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.