பன்னிரண்டு தடவை ஆண்டவா

என் அத்தையின் கணவர் இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷினில் நிற்கிறார். மெஷின் ஒரு கட்டில் அகலம் இருக்கும். ஈர விரிப்பைப் பரப்பி மேல்மூடியை இறக்கினால் ஆவி சீறும். அவசரப்பட்டுத் தூக்கினால் ஈரம் நிற்கும், தாமதித்தால் துணி காந்திவிடும். சுவரில் கடிகாரம் உண்டு. ஆவி படிந்து அதன் முகம் தெரியவே தெரியாது. மாமா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மூடியை இறக்கியதும் நிதானமாகப் பன்னிரண்டு தடவை “ஆண்டவா” என்பார். தூக்குவார். விரிப்பு மொடமொடவென்று வரும்.

துவைக்கிற பக்கம் நிற்பவர் சும்மா விடமாட்டார். “என்ன சாமியாரே, இன்னிக்கு மோட்சத்துக்கு எத்தனை விரிப்பு பாக்கி?”

“உனக்கும் சேர்த்துதான்யா சொல்றேன். நீ வாயத் திறந்தா என்ன வரும்னு ஊருக்கே தெரியும்.”

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். கிராமத்திலிருந்து வந்து மாமா வீட்டில் தங்கித்தான் படித்தேன். நாள் முழுக்கக் கடவுளை நினைக்கிற ஆள் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று கல்லூரியில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் அத்தைக்கு ஈரலில் கட்டி. கை மீறிப் போய்விட்டது, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். அத்தை சாவுக்குப் பயப்படவில்லை. துணையில்லாமல் போவதற்குத்தான் பயந்தாள். ஒரு மத்தியானம் மாமாவைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, மெஷின்கிட்ட சொல்வீங்களே, அத என் காதுல சொல்லுங்க. கேட்டுக்கிட்டே போயிடறேன்.”

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்து ஆரம்பித்தார். அத்தை கண்ணை மூடினாள். நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளர்ந்தது. பன்னிரண்டாவதில் குரல் நின்றது. மாமாவின் வலது கை எழுந்து, காற்றில் எதையோ பிடித்துத் தூக்கியது.

அத்தை கண் திறந்தாள். “ஏன் நிறுத்திட்டீங்க?”

கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். மறுபடியும் பன்னிரண்டில் நின்றது. மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டப் பார்த்தார். பதின்மூன்றாவது தொண்டையை விட்டு வரவில்லை.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் என்ன விரிப்பா?” என்றாள். அந்தச் சிரிப்பே வலியாக மாறியது. அது அடங்கியதும் அவரையே பார்த்துக் கேட்டாள்: “அப்போ இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட அந்த ஆண்டவனக் கூப்பிடலையா நீங்க?”

மாமா குனிந்து தன் வலது கையைப் பார்த்தார்.

“விடுங்க. நானே சொல்லிக்கிறேன்.” உதடு இரண்டு தடவை அசைந்தது. அதற்கு மேல் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. மறுநாள் சாயங்காலம் போய்விட்டாள். மாமா பக்கத்தில்தான் இருந்தார். அந்த அறையில் யாரும் ஆண்டவன் பெயரைச் சொல்லவில்லை.

காரியங்கள் முடிந்ததும் மாமா என்னிடம் கேட்டார். “நீ படிச்சவன், சொல்லு. மெஷின்கிட்ட நான் சொன்னதெல்லாம் ஆண்டவர் காதுல விழுந்திருக்குமா?”

“கண்டிப்பா விழுந்திருக்கும் மாமா.”

“என் காதுலயே விழலயேடா.”

என் படிப்பு அங்கே உதவவில்லை. பெயரை உச்சரிப்பது வேறு, அந்தப் பெயருக்கு உரியவரை நினைப்பது வேறு என்று இப்போது எழுதத் தெரிகிறது. அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் அவருக்கு என்ன ஆறுதல்?

மாமா மறுபடி வேலைக்குப் போகிறார். இப்போது ஒன்று, இரண்டு என்றுதான் எண்ணுகிறார். துவைக்கிறவர் கேலி செய்வதை நிறுத்திவிட்டார்.

போன வாரம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். “வீட்ல சும்மா உக்காந்திருக்கும்போது ஒரு தடவையாவது மனசார கூப்பிடலாமே மாமா?”

“கூப்பிட்டுப் பாத்தேன்டா,” என்றார். “முன்னபின்ன தெரியாதவர் வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி கூச்சமா இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்.”