குன்னூர் ஸ்டேஷனில் சேர்த்த ஈமெயில்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் குன்னூரில் உல்லன் நூல் விற்கிறவர்களில் முதலில் இன்டர்நெட்டில் பிளாக் ஆரம்பித்தவன் நான்தான். பசுந்தேயிலை விலை விழுந்து, எஸ்டேட் சனம் என் கடைப் படி ஏறாமல் போன காலம் அது. உள்ளூர்க்காரன் வாங்காவிட்டால் வெளியூர்க்காரனைப் பிடிப்போம் என்று எனக்குத் தோன்றியது. படித்தவன் எவனுக்கும் தோன்றவில்லை.

பிளாக்கில் கொக்கி ஊசியால் உல்லன் பின்னும் குரோஷா வேலை சொல்லிக்கொடுத்தோம். இங்கிலீஷில் டைப் அடித்தது மருமகள். கைவேலை முழுக்க ஒருத்தியுடையது. ஃபேக்டரியை மூடி ஆளைக் குறைத்தபோது எஸ்டேட்டிலிருந்து வெளியே வந்தவள். அவள் போடுகிற பூவைப் போல இந்த மலையில் எவளும் போட்டதில்லை. நூலும் கூலியும் கொடுத்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு.

"ஏனுங்க, கம்ப்யூட்டர்ல என்ற பேரை அந்தப் பூவுக்குக் கீழ போடுவீங்களா?"

"ஆயிரம் பேர்கிட்ட ஈமெயில் எழுதி வாங்கிட்டு வா அம்மிணி. போட்டுரலாம்."

பிளாக் சும்மா கிடந்தால் யாரும் தேடி வந்து படிக்க மாட்டார்கள். வாராவாரம் நாமே ஈமெயிலில் கடிதம் அனுப்ப வேண்டும். அதற்கு முகவரி வேண்டும்.

நோட்டோடு ரயில்வே ஸ்டேஷனில் போய் நின்றாள். மலை ரயிலுக்கு இன்ஜின் மாற்றும் நேரத்தில் டூரிஸ்டுகள் இறங்குவார்கள். எழுதிக்கொடுத்தவருக்கு ஒரு பூ. மழையிலும் போனாள்.

வாரக் கடைசியில் எண்ணும்போது எஸ்டேட் வழக்கப்படி பிடித்தம் செய்தேன். இலை ஈரமாக இருக்கிறது என்று எடையில் கழிப்பார்களே, அது மாதிரி நூற்றுக்குப் பதினைந்து.

"காயிதத்துல ஏதுங்க ஈரம்?"

"பாதிப் பேர் பொய்யா எழுதியிருப்பான். அதுக்கு."

கழித்ததையும் சேர்த்துத்தான் மருமகள் லிஸ்டில் ஏற்றினாள். எஸ்டேட்டிலும் கழித்த இலையைக் கீழே கொட்டுவதில்லை.

கடிதம் போகப் போகப் பதில்கள் வந்தன. பூ கொடுத்த அம்மா நலமா என்றுதான் முக்கால்வாசிப் பேர் கேட்டார்கள். எனக்குச் சட்டென்று உறைத்தது. இவள் பெயர் வெளியே தெரிந்தால் ஊட்டிக் கடைக்காரன் எவனாவது கொத்திக்கொண்டு போய்விடுவான்.

"பிடித்தம் போக ஆயிரம் ஆயிருச்சுங்க" என்று ஒரு நாள் வந்து நின்றாள்.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். "தேயிலைப் பாக்கெட்டுல கொழுந்து பறிச்சவ பேரை எங்கயாச்சும் பாத்திருக்கியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதுல யாரு பறிச்சதுன்னு தெரியாதுங்க. இதுல தெரியுமுங்க."

"யாருக்குத் தெரியும்?"

"என்னை யாராச்சும் கேட்டு எழுதினாங்களா?"

"ஒருத்தரும் இல்லை."

நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மறுபடி வரவில்லை. பூவுக்குக் கீழே என் பெயரைப் போட்டேன்.

அவளை விசாரிக்கிற கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. அந்த அம்மா காலமாகிவிட்டார் என்று எழுதச் சொன்னேன். மருமகள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு டைப் அடித்தாள். அனுதாபம் வந்தது, கூடவே நூலுக்கு ஆர்டரும் வந்தது. லிஸ்டில் இருந்தவர்கள் தங்கள் சிநேகிதிகளையும் சேர்த்துவிட்டார்கள். அடுத்த வருஷம் பக்கத்துக் கடையையும் எடுத்தேன். அவள் அப்போது ஊட்டிக்கு அந்தப் பக்கம் இத்தலாரில் கூலிக்குக் கேரட் கழுவிக்கொண்டிருந்தாள்.