கற்பூரம் போட்ட பெட்ரோல்

அழகியமணவாளன் பெட்ரோலை முதலில் கையில் வாங்குவார், பிறகுதான் வண்டிக்கு. வலது உள்ளங்கையைக் குழித்து, இடது கையை அதன் கீழே தாங்கக் கொடுத்து, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற அதே பணிவோடு நிற்பார். விழுந்த சொட்டுகளைத் தேய்த்து, கண்ணை மூடி முகர்வார். "தேவலை. ஊத்து" என்பார். திருச்சி கன்டோன்மென்ட் பெட்ரோல் பங்கில் கல்லாவில் உட்கார்ந்திருந்த முகம்மது கனி இந்த வைபவத்தை வருஷக்கணக்காகப் பார்த்தான். என்றைக்காவது அதைக் குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொள்வாரோ என்ற பயம் அவனுக்குக் கடைசிவரை போகவில்லை.

அழகியமணவாளன் ஸ்ரீரங்கத்துக்காரர், ரயில்வே பட்டறையில் ஸ்டோர்ஸ் அதிகாரி. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரின் சிவப்புப் பந்தயக் கார் அவர் கைக்கு வந்திருந்தது. இரண்டே சீட்டு, கூரை கிடையாது. குடுமி காற்றில் அவிழாமலிருக்க மப்ளர் கட்டிக்கொண்டு ஓட்டுவார். காவிரிப் பாலத்து ஏற்றத்தில் வேகம் கொடுத்தால் மட்டும், உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் இன்ஜின் தட்டும்.

கனி தன் வீட்டில் முதல் பட்டதாரி. ரசாயனம் படித்தவன். படித்தது எதற்காவது உதவுமா என்று தவித்தவனுக்கு அந்தச் சத்தம் அல்லாஹ்வே அனுப்பியது போலிருந்தது.

"சாமி, உங்க இன்ஜின் பெட்ரோலைப் போட்டு ரொம்ப அழுத்துது. சாதா பெட்ரோல் அதைத் தாங்காம, பொறி சரியா பத்த வைக்கிறதுக்குள்ள தானா வெடிச்சுக்குது. அதான் தட்டுது. ஆக்டேன் ஜாஸ்தியா இருக்கிற உசத்தி பெட்ரோல் போடுங்க, பொறுமையா எரியும்."

"அதுல சாயம் கலந்திருக்கான், பார்த்தியோ? சாயம் போட்டது எதுவும் சுத்தமில்லை."

"அது அடையாளத்துக்குங்க. ரெண்டும் மாறிடக் கூடாதுன்னு."

"எனக்கு அடையாளம் என் மூக்குடா."

அவரிடம் வேறு வைத்தியம் இருந்தது. சாதா பெட்ரோலை நிரப்பியதும் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து, பச்சைக் கற்பூரத்தை டாங்கில் தூவுவார். வெறும் தண்ணீரையே தீர்த்தமாக்குகிற வஸ்து பெட்ரோலைச் சும்மா விட்டுவிடுமா? ஏலக்காய் ஒன்றுதான் பாக்கி.

தங்கை கோதைநாயகியின் மகள் வத்ஸலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் விஷயம் முற்றியது. மாப்பிள்ளை கோபு பெங்களூரில் வேலை பார்ப்பவர், சாது. அவருடைய அப்பா அப்படியில்லை. காப்பியில் தொடங்கிப் பந்தல்வரை குறை சொன்னவர், "மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேணும். அதுலயும் மானம் போச்சுன்னா, கல்யாணத்தையே யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டார். கோதைநாயகி அண்ணன் முன்னால் நின்று அழுதாள்.

அழகியமணவாளன் நேரே பங்குக்கு வந்தார்.

"கனி, உன் படிப்பு நிஜந்தானா?"

அது கனிக்கே சந்தேகம். இருந்தாலும், "நிஜந்தாங்க சாமி" என்றான். டாங்கில் இருந்ததை வடித்துவிட்டு உசத்தி பெட்ரோலை நிரப்பினான். அன்று அவர் கையை நீட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அழைப்பு சித்திரை வீதியில் புறப்பட்டது. அழகியமணவாளன் ஓட்ட, பக்கத்தில் கோட்டும் மாலையுமாகக் கோபு அமர்ந்திருக்க, கனியும் கூடவே நடந்தான். முன்னால் நாதஸ்வரம் ஓர் அடி வைத்தால் கார் அரை அடி. பறப்பதற்கென்றே செய்த இன்ஜின் ஆலாபனை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்ந்தது. தெருமுனையில் இருமியது, விக்கியது, நின்றது.

கனி ஓடிப்போய் டாங்க் மூடியைத் திறந்தான். கும்மென்று கற்பூர வாசனை எழுந்தது. பின்னால் வந்த மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சாமி! இதுலயுமா போட்டீங்க?"

"மங்கள காரியமோன்னோ? துளியூண்டுதான்."

"கோபு, இறங்கு!" என்று சம்பந்தி கர்ஜித்தார். "இப்படியே ஸ்டேஷனுக்குப் போயிடலாம்."

கோபு இறங்கினார். மாலையைக் கழற்றி அப்பாவின் கழுத்திலேயே போட்டுவிட்டு பானெட்டுக்குள் குனிந்தார். "சித்த சும்மா இருங்கோப்பா. இந்த மாதிரி இன்ஜினைப் படத்துலதான் பார்த்திருக்கேன். யாராவது ஸ்பானர் குடுங்கோ."

பொறி போடும் பிளக்குகள் கரி அப்பிக் கிடந்தன. கல்யாணக் கைக்குட்டையால் துடைத்து மாட்டினார். கார் உறுமியது. கரி பூசிய முகத்தோடு மாப்பிள்ளை பெண்வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

"திருஷ்டிப் பொட்டு கொஞ்சம் பெரிசாயிடுத்தே!" என்று ஜன்னலிலிருந்து வத்ஸலா சிரித்தாள். கோபுவும் சிரித்தார். கழுத்தில் மாலையோடு நின்ற சம்பந்திக்கு அதற்குமேல் கோபப்பட வழியில்லை. கல்யாணம் நடந்தது.

மறுவாரம் அழகியமணவாளன் பங்கில் தீர்ப்புச் சொன்னார். "நிறுத்தினது உன் சாயப் பெட்ரோல்தான்."

"உங்க கற்பூரம்தாங்க."

ஊர்ந்ததாலேயே பிளக்கில் கரி பிடித்திருக்கலாம் என்று கனிக்கு உள்ளுக்குள் தோன்றியது. அப்படியானால் இரண்டு பேரும் சொன்னது தப்பு. அதற்குள் அழகியமணவாளனே ஒரு வழி சொன்னார்.

"சரி, ஒரு ஞாயித்துக்கிழமை பாலத்து மேல போயிட்டு வருவோம். போறச்சே உன் பெட்ரோல், வரச்சே என் கற்பூரம். எது தட்டறதுன்னு காதால கேட்டுடுவோம். நீதான் பக்கத்து சீட்டு. தட்டினவன் ஒத்துக்கணும். சத்தியம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சவம், ஒன்று திவசம், ஒன்று மழை. ஒரு மார்கழியில் அவர் திடுமெனப் போய்விட்டார். காரைக் கோபு பெங்களூருக்கு ஓட்டிப்போனார்.

கனி இப்போது வையம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். ஆக்டேன் பாடத்தைத் தயங்காமல் நடத்துகிறான். ஆனால் திருச்சிக்கு வந்து பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் காது தானாகத் தீட்டிக்கொள்கிறது. அந்தப் பக்கத்து சீட்டு அவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை.