பிரேக்கக்காவும் நாலு முட்டையும்

வண்டி கரைச்சாலையில் திரும்பியதும் பிரேக்கக்காவின் கை பைனாகுலரைத் தேடும், கால் பிரேக்கைத் தேடும். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற பள்ளிகளில் அது ஆபத்துக்கு. இங்கே கரையில் இறங்கும் உள்ளான், மூக்கன் பறவைகளுக்கும்கூட. "நிறுத்து நிறுத்து நிறுத்து!" என்று கத்திக்கொண்டே மிதிப்பார். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர், யார் மேலோ ஏற்றிவிட்டோம் என்று வெலவெலத்துப் போவார். அதற்குள் அக்கா பாதி உடம்பைச் சன்னலுக்கு வெளியே நீட்டியிருப்பார். "வந்துட்டாங்கப்பா, வந்துட்டாங்க! போன வருஷம் போன பவளக்காலிங்க எல்லாம் திரும்பி வந்துட்டாங்க!"

ஐம்பதைத் தாண்டியவர். வெயிலுக்குத் தம்பியின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு துணித்தொப்பி. வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றிக் காலடியில் தள்ளிவிடுவார். வெறுங்காலில்தான் வண்டியின் மனசு தெரியும் என்பது அவர் கட்சி. வகுப்பு நேரத்தைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை. உப்பங்கழியில் தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தால்தான் பறவை இறங்கும். பறவை இறங்கினால்தான் வகுப்பு. "நேத்து ஆறு மணின்னீங்க, இன்னிக்கு ஏழுங்கிறீங்க?" என்று கேட்டால், "தண்ணி வடிய வேணாமா?" என்பார். வண்டி ஓட்டுவதற்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று தலையைச் சொறிந்துகொண்டு போனவர்கள் ஏராளம்.

பாடமும் அப்படித்தான். கிளட்சை எப்படி விடுவது? சேற்றில் நிற்கும் நெடுங்கால் உள்ளானைக் காட்டுவார். "அது காலைத் தூக்குற அழகைப் பாருங்க. வெடுக்குனு எடுக்குதா? பூ மாதிரி எடுக்குதில்ல? அப்படி எடுங்க." வண்டி குதித்துக் குதித்து ஓடினால் வேறு பாட்டு. "என்ன இது உப்புக்கொத்தி ஓட்டம்! ஓடுறது, நிக்கிறது, ஓடுறது, நிக்கிறது! அதுக்காவது பூச்சி கிடைக்கும். உங்களுக்கு என்ன கிடைக்கும்?" குளிர்காலத்தில் தூர தேசத்திலிருந்து வந்து இறங்கும் மூக்கன்களுக்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளைங்க. "வருவாங்க, நல்லாத் தின்பாங்க, உடம்பைத் தேத்திக்கிட்டு சொல்லாமக் கிளம்பிடுவாங்க. உப்புக்கொத்தி அப்படியில்ல. வெயிலோ மழையோ நம்மகூடவே கிடந்து அல்லாடுற சாதிசனம்."

பள்ளியின் முதலாளி அவருடைய தம்பி. "அக்கா, நாம நடத்துறது டிரைவிங் ஸ்கூலா, பறவைப் பண்ணையா?" என்று அவர் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. ஆனாலும் அக்காவிடம் படித்தவர்கள் பிரேக் போடுவதில் கெட்டிக்காரர்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருப்பதால், அடித்துக்கொண்டதோடு சரி.

அந்தப் பேச்சுக்கு ஒரே விதிவிலக்கு தையல்காரர். ஊருக்கே அவர் மாஸ்டர். ஆகவே வண்டியில் பாடம் சொல்லும் அக்காவும் அவரை "மாஸ்டர்" என்றே கூப்பிடுவார். வாழ்நாள் முழுக்கத் தையல் மிஷினை மிதித்த கால்கள். பதற்றம் வந்துவிட்டால் போதும், இரண்டு பாதமும் தானாகத் தாளம் போடத் தொடங்கிவிடும். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மாறி மாறி மிதிபட, வண்டி சாமி வந்ததுபோல் ஆடும். "மாஸ்டர், இது சட்டை தைக்கிற வண்டி இல்ல!" என்று அக்கா கத்துவார். "தெரியுதுங்க, காலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது" என்பார் அவர் பாவமாக.

ஒரு நாள் காலை, கரைச்சாலை முடிகிற இடத்திலுள்ள சரளைத் திடலில் மாஸ்டர் எட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். சக்கரத்துக்கு முன்னாலிருந்து ஒரு சின்னப் பறவை எழுந்து, ஒரு பக்கச் சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டே தத்தித் தத்தி ஓடியது. மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, சிறகை ஒடிச்சுட்டேனே! பாவி நான்!" என்று ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அக்காவோ கைதட்டிச் சிரித்தார். "நடிப்பு மாஸ்டர், சுத்த நடிப்பு! உப்புக்கொத்தி. நம்மை அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போகுது. அப்படீன்னா இந்தப் பக்கம் என்னமோ இருக்கு."

இருந்தது. எட்டின் மேல் வட்டத்துக்குள், கல்லோடு கல்லாக நாலு முட்டைகள். ஒரு குழியில்லை, ஒரு குச்சியில்லை. பார்த்த கண்ணை எடுத்தால் மறுபடி கண்டுபிடிக்க முடியாது. அக்காவுக்குச் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. பள்ளிக்கு இதை விட்டால் வேறு திடல் கிடையாது.

"ஏதோ ரெண்டு குருவி முட்டைக்காக ஸ்கூலை மூடச் சொல்றியா?" என்றார் தம்பி.

"நாலு முட்டைடா. மூட வேணாம். சுத்திப் போடச் சொல்றேன்."

சற்றுத் தள்ளி ஓர் ஆரஞ்சுக் கூம்பை நட்டார் அக்கா. தள்ளி ஓடும் வண்டிக்குப் பறவை பயப்படவில்லை. மனிதன் இறங்கி நடந்தால்தான் எழுந்து ஓடியது. ஆகவே யாரும் கீழே இறங்கக்கூடாது என்று கட்டளை. அதன்பிறகு அந்தத் திடலில் விழுந்த எட்டுகளைப் பார்க்க வேண்டுமே! கோலம் தோற்றுப்போகும். உள்ளே முட்டை இருக்கிறது என்ற நினைப்பில் அவனவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வளைத்தான்.

மாஸ்டர் விஷயத்தில்தான் அக்காவுக்குப் பயம். தயங்கித் தயங்கிச் சொல்லியும் பார்த்தார்.

"கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன் மாஸ்டர். முட்டை பொரியட்டும்."

மாஸ்டரின் முகம் சுருங்கியது. "என் பொண்ணு கைக்குழந்தையோட ஊருக்கு வர்றாங்க. ஸ்டேஷன்லேருந்து நானே ஓட்டிக் கூட்டிட்டு வரணும்னு ஆசை. அந்தக் குருவிக்கும் பிள்ளைதான். எனக்கும் பிள்ளைதானுங்களே?"

அக்கா வண்டிக் கதவைத் திறந்தார். "ஏறுங்க" என்றார். அன்றிலிருந்து மாஸ்டர் வகுப்பில் மட்டும் பைனாகுலர் பெட்டிக்குள் போனது. கண் கூம்பின் மேல், கால் பிரேக்கின் மேல். வகுப்பு முடிந்து கரைச்சாலைக்கு வந்து இறங்கும்போது அக்கா கால் மரத்துப்போய் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்போதும் கூம்புப் பக்கம் எட்டிப் பார்த்து, "இருக்கா, உட்கார்ந்திருக்கா மகராசி" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

மாப்பிள்ளைங்க கிளம்பும் காலம் வந்தது. சாம்பல் நிறத்தில் வந்த மூக்கன்கள் செங்கல் நிறத்துக்கு மாறி, கொழுகொழுவென்று நின்றன. மாஸ்டர் எட்டில் வளைந்துகொண்டிருந்த ஒரு காலையில், சேற்றிலிருந்து அந்தக் கூட்டம் மொத்தமாக எழுந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மேலே ஏற ஏறக் கூச்சல். வருடம் முழுக்க அக்கா காத்துக்கிடக்கும் காட்சி. கை தன்னையறியாமல் பெட்டியைத் திறந்தது. "போயிட்டு வாங்கடா ராசா! பத்திரமாப் போயிட்டு வாங்க!" என்று பைனாகுலரோடு சன்னலுக்கு வெளியே போய்விட்டார். முட்டை, மாஸ்டர், எட்டு எதுவும் நினைவில் இல்லை.

வண்டி சடாரென்று நின்றது. சன்னல் சட்டத்தில் அக்காவின் நெற்றி 'ணங்'கென்று இடித்தது. எஞ்சின் அணைந்துவிட்டது.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. தன் கால் பிரேக்கின் மேல் இல்லவே இல்லை. "யாரு... யாரு பிரேக் போட்டது?"

"நான்தாங்க." மாஸ்டரின் குரல் நடுங்கியது. கால் நடுங்கவில்லை, பிரேக்கின் மேல் ஆணி அடித்ததுபோல் நின்றது. "முன்னாடி பாருங்க. நூல்கண்டுக்குக் காலு முளைச்ச மாதிரி இருக்குதுங்களே!"

சக்கரத்துக்குச் சற்று முன்னால், நாலு குஞ்சுகள். முட்டையோட்டைவிட்டு வந்து எத்தனை நேரமோ, அதற்குள் என்ன ஓட்டம்! தாய் ஒரு குரல் கொடுத்தது. நாலும் அப்படியே தரையோடு படுத்தன. அவ்வளவுதான், திடலில் கல் மட்டுமே இருந்தது. தாய் சிறகை இழுத்துக்கொண்டு தன் நாடகத்தைத் தொடங்கியது.

"நடிக்கட்டும்ங்க" என்றார் மாஸ்டர் ரகசியமாக. "நாம நம்பிட்ட மாதிரியே உட்கார்ந்திருப்போம்."

உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறியது. தாய் நாடகத்தை முடித்துக்கொண்டு மறுபடி குரல் கொடுத்ததும், நாலு கற்கள் எழுந்து சேற்றோரத்தைப் பார்த்து ஓடின. அக்கா ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினார். நாலும் இருந்தன. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் மூக்கு ஒழுகியது. போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். "டேய், நீ தாய்மாமன் ஆயிட்டடா!" என்ன ஏது என்று அவர் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

"கிளம்பலாங்களா?" என்றார் மாஸ்டர்.

"நீங்க போங்க மாஸ்டர்."

வண்டி மெதுவாகக் கரைச்சாலையில் ஏறியது. அக்கா சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தார். பிறகு இரண்டு காலையும் தூக்கி இருக்கையின் மேல் வைத்து, வீட்டுக் கூடத்தில் உட்காருவதுபோல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.