அரம் தேய்த்த அச்சு

டெல்மரைப் புதைத்த மறுவாரம் அவன் மனைவி ஆர்லிஸ், நான் துப்பாக்கி பழுதுபார்க்கும் கொட்டகைக்கு வந்தாள். கணவனின் பட்டறை மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவள், கந்தல் துணியில் சுற்றிய எஃகு அச்சு ஒன்றை என் முன் வைத்தாள். சுட்ட தோட்டாவின் வெற்று உறையை மறுபடி நிரப்பும்முன் அழுத்தி வடிவுக்குக் கொண்டுவரும் அச்சு அது. எந்தத் துப்பாக்கிக்கு என்று மேலே பொறித்திருப்பார்கள். இதில் பொறிப்பு இருந்த இடத்தில் அரம் போட்ட தடம்தான் இருந்தது.

"இது எதுக்குள்ளதுன்னு சொல்லு, லெஸ்டர்."

"காபி குடிக்கிறியா?"

"உன் காபிக்கு உருக்கின ஈயம் தேவலாம். சொல்லு."

அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் அண்ணன் கார்வின் இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன் எல்க் மான் வேட்டையில் செத்தவன். மானென்று நினைத்து யாரோ சுட்டுவிட்டார்கள். சுட்டவன் அகப்படவில்லை. பைன் மரத்தடியில் கிடந்த வெற்று உறை முப்பத்தைந்து வீலன் என்ற தோட்டா ரகம். எங்கள் பள்ளத்தாக்கில் அது அபூர்வம். டெல்மரும் அன்று அதே மலையில்தான் இருந்தான். தன்னிடம் எல்லாரும் வைத்திருக்கும் முப்பது-நாட்-சிக்ஸ் ரகத்தைத் தவிர வேறு துப்பாக்கி இல்லை என்று ஷெரீஃபிடம் சத்தியம் செய்திருந்தான்.

முப்பது-நாட்-சிக்ஸின் உறையொன்றை அச்சுக்குள் விட்டுப் பார்த்தேன். உடம்பு கச்சிதமாகப் பொருந்தியது. ஆர்லிஸ் மூச்சு விட்டாள்.

"அவரோட முப்பது-நாட்-சிக்ஸுக்குதானே?"

"இரு. வீலனுக்கும் இதே உடம்புதான். கழுத்துதான் வேற, இன்னும் தடிப்பு."

கொதிநீரிலேயே இளகும் உலோகம் கொஞ்சம் இருந்தது. அச்சின் மறுவாயைத் துணியால் அடைத்து அதை உருக்கி ஊற்றினேன். ஆறவிட்டுத் தட்டியதும் உள்வடிவம் சாம்பல்நிற வார்ப்பாக வெளியே விழுந்தது. கழுத்தை அளந்தேன். நம்பிக்கையில்லாமல் மறுபடி அளந்தேன். தடித்த கழுத்து.

"வாயத் தெறந்து சொல்லு."

"முப்பத்தைஞ்சு, ஆர்லிஸ்."

அவள் அழவில்லை. வார்ப்பைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அண்ணிகிட்ட போகணும். வண்டிய எடு" என்றாள்.

கார்வினின் மனைவி நெட்டா மாவுக் கையோடு கதவைத் திறந்தாள். ஆர்லிஸ் வார்ப்பை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். நெட்டா அதைத் தொடவில்லை.

"டெல்மர் வருஷா வருஷம் பனி விழறதுக்கு முன்னாடி எனக்கு விறகு கொண்டாந்து அடுக்குவான்" என்றாள். "ஒரு தடவகூட என் மூஞ்சியப் பாத்ததில்ல. அப்பவே தெரியும்டி."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லி? உன்னையும் தொலைக்கச் சொல்றியா?"

ஆர்லிஸ் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். நெட்டா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மேல் கை போடவில்லை, எழுந்து போகவுமில்லை.

ஷெரீஃப் வந்து எழுதிக்கொண்டு போனார். செத்தவன்மேல் வழக்கு ஏது? துப்பாக்கி கிடைக்கவேயில்லை. பட்டறை மேசையை நான்தான் கழற்றிக் கொண்டுபோய் எரித்தேன். இருந்தும் பட்டப்பகலில், பாத்திரம் கழுவும்போது, மேசை இருந்த அந்தக் காலி அறையிலிருந்து அரம் தேய்க்கும் சத்தம் கேட்கிறது என்கிறாள் ஆர்லிஸ்.

"பிரமை" என்றேன் ஒருமுறை.

"இருக்கலாம்" என்றாள். "முன்னாடியும் கேட்டிருக்கேன், லெஸ்டர். அவர் உயிரோட இருந்தப்ப. என்ன தேய்க்கிறீங்கன்னு நான் போய்ப் பாக்கவே இல்ல."