எஃப்-ஒன் அடித்தால் போய்விடும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கொஞ்சம் தெரியும் என்று யாரிடமும் வாய் திறந்து சொல்லிவிடாதீர்கள். சொன்னால் என்ன ஆகும்? ஆதார் நகல் எடுக்கப் போன இடத்தில், கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள்.

போன வியாழக்கிழமை எனக்கு அதுதான் நடந்தது.

சின்னக்கடைத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அம்சாவின் ஜெராக்ஸ் கடை. போர்டில்தான் ஜெராக்ஸ். உள்ளே ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை டைப்பிங்... முக்கியமாக, கம்ப்யூட்டர் ஜாதகம். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் சொன்னால் போதும். பன்னிரண்டு பக்க ஜாதகம் ஸ்பைரல் பைண்டிங்கோடு கைக்கு வந்துவிடும். அம்சாவுக்கு ஜோசியம் தெரியாது. "நான் டைப்படிக்கிறதோட சரி சார். பலன்லாம் அது சொல்றது" என்பார்.

அந்த 'அது'தான் அன்றைக்குப் படுத்துவிட்டது.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார். இன்னான்னே தெரியல, காலைலேர்ந்து எழுந்துக்கவே மாட்டேங்குது!"

சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலு வரி வருகிறது. அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை.

ஓரமாக ஸ்டூலில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெயர் கனகா. அடி அண்ணாமலையில் நிலக்கடலை போடுகிற குடும்பம். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் போன புரட்டாசியில் இதே கடையில் எடுத்த மகளின் ஜாதகம்.

"சாயந்திரம் ஆறு மணிக்குப் பொண்ணோட பெரியப்பா வர்றாருங்க. ஒரு எடம் வந்திருக்குது. பழைய பேப்பரு ஆவாது, புதுசா எடுத்து வைன்னுட்டாரு. அதைப் பாத்துத்தான் மாப்ள வீட்டுக்குச் சேதி சொல்லுவாராம்."

"அவ்வளவு அவசரம்னா வேற கடையில எடுத்துடலாமேம்மா?" என்றேன். தேரடி வீதியில் மட்டுமே இப்படி நாலு கடை இருக்கிறது.

"இல்லீங்க. இங்கதான் எடுக்கணும்."

அம்சாவின் முகத்தில் ஒரு பெருமை. இருக்காதா பின்னே!

வழக்கமாக வரும் சர்வீஸ்காரருக்குப் போன் போட்டோம். அவர் வேலூரில் இருந்தார். "ரேமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் முதல் மருந்து பென்சில் அழிக்கிற ரப்பர்தான். பெட்டியைத் திறந்தேன். ரேமைக் கழற்றித் தேய்த்தேன், மாட்டினேன். அதே நாலு வரி. தூசியை ஊதினேன். அது என் கண்ணுக்குள்தான் போனது. ஒயர்களை எல்லாம் பிடுங்கிச் செருகினேன். ம்ஹூம்... அதே நாலு வரி.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. கனகா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்புறம்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். அந்த நாலு வரியைப் படித்தேன்.

ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இதுதான்: தேதியும் நேரமும் சரியில்லை. தொடர வேண்டுமானால் எஃப்-ஒன் பட்டனை அழுத்தவும்.

"அது தெனமும் வர்றதுதான் சார்" என்றார் அம்சா, சலித்துக்கொண்டு. "எஃப்-ஒன் அடிச்சாப் போய்டும். இன்னிக்குத்தான் அடிச்சும் போவல."

"எத்தனை நாளா வருது?"

"ஆடி மாசத்துலேர்ந்து வருது."

இப்போது தை!

விஷயம் சின்னதுதான். ஆறு மாதமாகத் தினமும் குத்து வாங்கி, கீபோர்டில் அந்த ஒரு பட்டன் மட்டும் உயிரை விட்டிருக்கிறது. எதிரே செல்போன் கடையில் ஒரு கீபோர்டைக் கடன் வாங்கி வந்து மாட்டினேன். எஃப்-ஒன் அடித்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்தது. திரையின் மூலையில் தேதி: 1 ஜனவரி 2012.

இந்தப் பெட்டிக்குள் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் இன்றைக்கு என்ன தேதி என்று மறக்காமல் வைத்திருப்பது அதன் வேலை. அது ஆடியிலேயே செத்துவிட்டது. அம்சா தினமும் கடையைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவார். மறுநாள் காலை அது 2012-இல் கண் விழிக்கும். ஆன்லைன் வேலையெல்லாம் லேப்டாப்பில் நடப்பதால் இதற்கு இணைய இணைப்பும் கிடையாது. சரியான தேதியைச் சொல்லித் தர அதற்கு நாதி இல்லை.

அம்சாவுக்குச் சட்டென்று உறைத்தது. "ஐயய்யோ... அப்ப ஜாதகம்லாம்?"

கட்டம் தப்பாது. பிறந்த தேதியை நாம்தானே டைப் செய்கிறோம்? ஆனால் கடைசிப் பக்கம், அதாவது 'தற்போதைய பலன்', பெட்டியின் தேதியை வைத்துத்தான் வரும். கனகாவின் கையிலிருந்த ஜாதகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ரிஷப ராசி. 'குரு பன்னிரண்டில். குரு பலன் இல்லை. திருமண முயற்சிகளைத் தள்ளிப்போடுவது நலம்.' பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில்: 1-1-2012.

அந்தத் தேதியில் அந்தப் பெண்ணுக்கு வயது ஏழு. ஏழு வயதுக் குழந்தைக்குக் கல்யாண யோகம் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னதில் என்ன தப்பு?

"எனக்கு அதெல்லாம் பரவால்லீங்க" என்றார் கனகா அவசரமாக. "இப்ப இருக்கிற மாதிரியே ஒண்ணு எடுத்துக் குடுத்துடுங்க. எனக்கு இது போதும்."

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். "அது எப்படிம்மா? ஒரு பொண்ணோட வாழ்க்கை!" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பேட்டரி வாங்க வாட்ச் கடைக்கு நடந்தேன்.

போகிற வழியில் இந்த வாரப் பத்திக்கு விஷயம் தயாராகிவிட்டது. உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே! நாம் எல்லாருமே எஃப்-ஒன் ஆசாமிகள். உடம்பு ஏதாவது சொன்னால் ஒரு மாத்திரையைப் போட்டு அழுத்திவிடுகிறோம். கூடத்து ஃபேன் கடகடவென்று சொன்னால் டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறோம். எச்சரிக்கை என்பது படிப்பதற்கு அல்ல, தாண்டிப் போவதற்கு. நம் மக்கள் எதையும் படிப்பதில்லை... என்று முடித்துவிடலாம். அருமையான முடிவு!

பேட்டரியை மாட்டினேன். தேதியைச் சரிசெய்தேன். மெயினை அணைத்துப் போட்டுக் காட்டினேன். எஃப்-ஒன் கேட்காமலேயே எழுந்து வந்தது. அம்சா விவரங்களைத் தட்டினார். பிரிண்டர் பன்னிரண்டு பக்கத்தையும் துப்பியது. கடைசிப் பக்கத்தை நானே எடுத்துப் படித்தேன். 'குரு இரண்டில். குரு பலன் பூரணமாக உள்ளது. திருமணத்துக்கு உகந்த காலம்.'

"நல்ல சேதிம்மா!" என்று நீட்டினேன்.

கனகா வாங்கினார். பலனைப் பார்க்கவில்லை. அவர் கண் நேராகப் பக்கத்தின் அடிக்குப் போனது.

"தேதி மாறிப்போச்சுங்களே..."

"ஆமாம்மா. சரி பண்ணிட்டேன்ல!"

"ஏன் சார் சரி பண்ணீங்க?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ ரிப்பேர் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

மெதுவாகத்தான் சொன்னார். பெண் பிசியோதெரபி படிக்கிறாள். முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. பெரியப்பாவுக்கோ வருகிற வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும். "கட்டிக்குடுத்துட்டா அவங்க படிக்க வெச்சிக்கறாங்க" என்பது அவர் கட்சி. அப்படிக் கட்டிக்கொடுத்த அவருடைய சொந்த மகளின் படிப்பு, பாதியில் நிறுத்தியது நிறுத்தியதுதான்.

"எங்க வூட்டுக்காரரு அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேச மாட்டாரு. நான் சொன்னா எடுபடாதுங்க. பெரியவருக்கு ஜோசியக்காரங்க மேலயே நம்பிக்கை கம்மி, காசு குடுத்தா மாத்திச் சொல்லிடுவாங்கன்னு சொல்லுவாரு. கம்ப்யூட்டர் சொன்னா மட்டும் கேட்டுக்குவாரு. போன வாட்டி இந்தப் பேப்பரைப் பாத்துட்டுத்தான் கம்முனு எழுந்து போனாரு."

"தேதி தப்புன்னு அப்பவே தெரியுமா?"

"வூட்டுக்குப் போயி மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சேங்க. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். தெரிஞ்சுது. கம்முனு இருந்துட்டேன்."

பன்னிரண்டு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஆள் இந்த அம்மாள்தான். அவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டுதான் நான், நம் மக்கள் எதையும் படிப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை.

இருந்தாலும் ஒரு தயக்கம். தெரிந்தே தப்பான பேப்பரைக் கொடுப்பதா? பொய்க்கு உடந்தை ஆவதா? என் முகத்தைப் பார்த்தே கனகாவுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம் சார். அதுவே சொல்லட்டும்."

நான் அம்சாவைப் பார்த்தேன். அம்சா ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார்.

பெட்டியை மறுபடியும் திறந்தேன். புது பேட்டரியை எடுத்துவிட்டு, செத்ததை அதன் பழைய இடத்திலேயே வைத்தேன். மெயினைப் போட்டேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அதே நாலு வரி. தேதியும் நேரமும் சரியில்லை. தொடர வேண்டுமானால்...

கனகா ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார். குனிந்து, நாலு வரியையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு ஒரே விரலால் எஃப்-ஒன்னை அழுத்தினார்.

மதியம் இரண்டு மணிக்கு, 'குரு பலன் இல்லை' என்ற பேப்பரைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார். பெயர், படிப்பு, ராசி எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். பெரியப்பாக்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்றும் நம்புகிறேன்.

அவர் போன பிறகு புது பேட்டரியைத் திரும்ப மாட்டினேன். மற்றவர்களுடைய குருவையும் பார்க்க வேண்டுமே! செத்த பேட்டரியைக் குப்பைக் கூடையில் போடப் போனேன். அம்சா என் கையிலிருந்து வாங்கி, ஒரு துண்டுத் தாளில் மடித்து, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"இருக்கட்டும் சார். இன்னும் ஒன்றரை வருஷம் இருக்குதில்ல?"