தொடர்புக்கு: திமோத்தி (கணவர்)

மற்றவர்களுக்குத் தங்களைப் பற்றிப் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் மகதலேனாவின் தொழில். ஆனால் உன்னைப் பற்றி நாலு வரி எழுது என்றால் அவளுக்குக் கை ஓடாது. சிரிக்காதீர்கள். பல் வைத்தியருக்கும் பல்வலி வரத்தான் செய்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். பள்ளி முடிந்த கையோடு பங்சாரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் டெலிபோன் ஆப்பரேட்டராகச் சேர்ந்தாள். கல்யாணமாகிக் கிள்ளானுக்குக் குடிவந்த பிறகும் அதே நிறுவனம்தான், ரயிலில் போய் ரயிலில் திரும்புவாள். வருஷங்கள் போகப் போக, புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் போனில் பேசப் பழக்கும் டிரெய்னர் ஆனாள். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு தடிமனான புத்தகம் இருந்தது. வாடிக்கையாளர் கத்தினால் எட்டாம் பக்கம், அழுதால் பதினோராம் பக்கம். அந்தப் புத்தகத்தைத் தாண்டி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனில் பேசும் அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மகதலேனாவுக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. தேவாலயத்தில் பழக்கமான பிள்ளைகள் நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன் அவளிடம் வந்தார்கள். அவர்களுக்கு ஜூமில் பேசப் பழக்கிவிட்டாள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் போதும், நம் பிள்ளைகள் அப்பா பெயரில் ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஊர், அப்புறம் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். மூச்சு வாங்கி நிறுத்தும்போது தன்னைப் பற்றி ஒரு சொல்லும் வந்திருக்காது. "வேலைக்கு வந்தது ஒங்கப்பாவா, நீயா?" என்று மகதலேனா அதட்டுவாள். ஐந்தாறு வகுப்பில் அதே பிள்ளை தலையை நிமிர்த்திப் பேசும். அதைப் பார்க்கையில் அவளுக்கு வருகிற சந்தோஷம் ஆபீஸில் கழிந்த முப்பது வருஷத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. இதையே தொழிலாக நடத்தலாமே என்று தோன்றியது. அப்படியானால் முதலில் ஒரு வெப்சைட் வேண்டும் என்றார்கள். அன்று பிடித்தது குழப்பம்.

வெப்சைட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித்தர இந்த உலகத்தில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை. இலவச வெபினார்களில் உட்கார்ந்து மூன்று நோட்டுப் புத்தகங்களை நிரப்பினாள். படம் பெரிதாக இருக்கட்டும் என்றார் ஒருவர். படமே வேண்டாம், வருகிறவரின் கஷ்டத்தைப் பற்றி எழுது என்றார் இன்னொருவர். கட்டணத்தை மேலேயே போடு என்றது ஒரு குரல், கடைசி வரைக்கும் மறைத்து வை என்றது மற்றொன்று. லேண்டிங் பேஜ் என்றார்கள், ஃபனல் என்றார்கள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எல்லாரும் ஒரே உறுதியோடு பேசினார்கள், அதுதான் அவளை அதிகம் குழப்பியது.

பினாங்கில் வேலை பார்க்கும் மகள் கேரனைக் கூப்பிட்டாள்.

"மம்மி, ஒரே ஒரு கேள்விதான். ஒங்க கிளாஸ் யாருக்கு?"

"எல்லாருக்கும்லா."

"எல்லாருக்கும்னு போட்டா ஒருத்தரும் தனக்குன்னு நெனைக்க மாட்டாங்க. யாருக்குன்னு ஒரு வரியில எழுதுங்க. பாக்கறவங்க ஒடனே கூப்பிடற மாதிரி ஒரு பட்டன் வைங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அந்த ஒரு வரியைத்தான் எழுத முடியவில்லை. எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் அச்சுக்கடை வைத்திருக்கும் டொமினிக்கிடம் போனாள். கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி அட்டை, கோயில் பேனர் என்று அந்த வட்டாரத்தில் நல்லது கெட்டது எல்லாம் டொமினிக் கையால்தான். இப்போது கடைப் பலகையில் வெப்சைட்டும் சேர்ந்திருந்தது.

"கவலையே படாதீங்கக்கா, நான் பாத்துக்கறேன். நம்மாளுங்களுக்கு ஃபேமிலி தெரிஞ்சாதான் நம்பிக்கை வரும். அப்பா பேர் சொல்லுங்க" என்றான்.

யாராவது இப்படிக் கேள்வி கேட்டால் போதும் என்று காத்திருந்தவள் போல மகதலேனா மடமடவென்று சொன்னாள். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்த காலஞ்சென்ற சவரிமுத்துவின் மூத்த மகள். கிள்ளான் திமோத்தியின் அன்பு மனைவி. கேரன், கென்னத் ஆகியோரின் தாய். பிறந்த தேதி, பிறந்த ஊர். டொமினிக் தட்டிக்கொண்டே போனான்.

"கூப்பிட ஒங்க நம்பரப் போடவாக்கா?"

மகதலேனா யோசித்தாள். "பொம்பள நம்பர நெட்டுல போட்டா கண்டவன்லாம் கூப்பிடுவான். எங்க வீட்டுக்காரர் நம்பரப் போட்டுரு. யாராச்சும் கேட்டா அவர் எங்கிட்ட சொல்லுவாரு."

பக்கத்தின் அடியில் கொட்டை எழுத்தில் விழுந்தது: தொடர்புக்கு, திமோத்தி (கணவர்). 'பேச்சுப் பயிற்சி' என்பது அதற்கும் கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

பக்கம் திறந்தது. நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினாள். அவர்கள் தங்கள் நண்பர்களுக்கு அனுப்பினார்கள். பக்கத்துக்கு எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் வசதியை டொமினிக் வைத்துக் கொடுத்திருந்தான். முதல் வாரத்தில் நூற்றுக்கு மேல், இரண்டாம் வாரத்தில் இன்னும் அதிகம். ஆனால் திமோத்தியின் போன் மட்டும் அடிக்கவில்லை. அவர் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரிகளை வரிசைப்படுத்தி அனுப்புகிற சூப்பர்வைசர். தினமும் வீட்டுக்குள் நுழையும்போதே மகதலேனாவின் கண் அவர் சட்டைப் பையில் இருக்கும் போனுக்குத்தான் போகும். அவர் உதட்டைப் பிதுக்குவார். வருகிறவர்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறார்கள். ஏன் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. அவர்களில் தினமும் வருகிற ஒருவர் இருந்ததுகூட அவளுக்கு எப்படித் தெரியும்?

இந்த நேரம் பார்த்துப் பழைய ஆபீஸிலிருந்து கிஷன் கூப்பிட்டான். ஒரு காலத்தில் அவளிடம் பயிற்சி எடுத்தவன், இன்று மானேஜர். அந்தப் பிரிவைத் திரும்பவும் பங்சாருக்கே கொண்டுவருகிறார்களாம். "உங்களுக்குன்னு ஒரு இடம் வெச்சிருக்கேன் மேடம். அதே புத்தகம்தான், உங்களுக்குத் தெரியாததா? வெள்ளிக்கிழமை காலைல பதில் சொல்லிடுங்க. அதுக்கு மேல என்னால நிறுத்தி வெக்க முடியாது."

மரியாதையாகத்தான் கேட்டான். மகதலேனா யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். அந்தப் புத்தகத்துக்குத் திரும்பிப் போக அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை. அதே சமயம், யாருமே கூப்பிடாத ஒரு தொழிலைத் தொழில் என்று எப்படிச் சொல்வது? முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆள் வெள்ளிக்கிழமைக்குள் கூப்பிட்டுவிட்டால் போதும், ஆபீஸுக்குப் போகவேண்டாம் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள். கூப்பிடாவிட்டால் போவது என்றும்தான்.

புதன்கிழமை டொமினிக்கிடம் சொல்லிப் படத்தை மாற்றினாள். கேரனின் நிச்சயதார்த்தத்தில் எடுத்த படம், நல்ல புடவை. டொமினிக் அதை முட்டை வடிவச் சட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் வெள்ளை லில்லிப் பூக்களைப் போட்டுக் கொடுத்தான். அழகாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை காலை திமோத்தி வேலைக்குப் போனதும், தேவாலய வாட்சாப் குழுவில் இணைப்பைப் போட்டாள். என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒன்றும் எழுதாமலே போட்டாள். குழுவில் அவள் முகமும், பூவும், பெயரும், பிறந்த தேதியும் வந்து நின்றன. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பாசாருக்குப் போனாள்.

மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து போனை எடுத்தால், எழுபத்துமூன்று செய்திகள். அடடா, வேலை செய்கிறதே என்று ஒரு கணம் பூரித்துப் போனாள்.

முதல் செய்தி 'இறைவனில் இளைப்பாறட்டும்' என்றது. இரண்டாவதும் அதையேதான் சொன்னது. மூன்றாவதில் கும்பிடும் கைகள் ஆறு. 'அமைதியான பெண்மணி.' 'போன ஞாயிறுகூடப் பூசையில் பார்த்தேனே.' 'திமோத்திக்கு ஆறுதல் கிடைக்கட்டும்.' யாரோ ஒருவர் ஆரம்பித்திருக்கிறார், மற்றவர்கள் இணைப்பைத் திறக்காமலே தொடர்ந்திருக்கிறார்கள். வாட்சாப் குழுவில் துக்கம் விசாரிப்பதில் நம்மவர்களுக்கு இருக்கிற வேகம் வேறு எதிலும் கிடையாது. செத்தது யார் என்று மகதலேனாவுக்கு முதலில் புரியவில்லை. இரண்டு மூன்று தரம் மேலும் கீழும் தள்ளிப் படித்தாள். புரிந்தபோது நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். திமோத்தி ஓடிவந்தார், வேர்த்துக் கொட்டியிருந்தது.

"என்னாலா இது? காலைலேர்ந்து போன் நிக்கவே இல்ல. எப்ப எடுக்கறீங்க, எப்ப எடுக்கறீங்கன்னு கேக்கறானுங்க. என்னத்த எடுக்கறதுன்னு முழிக்கிறேன். பாஸ் கூப்பிட்டு மூணு நாள் லீவு எடுத்துக்கங்கன்னு சொல்றாரு!"

"நான் வெப்சைட்டத்தாங்க போட்டேன்."

"குடு அத." வாங்கிப் பார்த்தார். "மகதா, பேப்பர்ல வர்ற மாதிரிதான்லா இருக்கு. நானே நம்பிருப்பேன்."

அவள் பிடுங்கிப் படித்தாள். காலஞ்சென்ற சவரிமுத்துவின் மூத்த மகள். திமோத்தியின் அன்பு மனைவி. கேரன், கென்னத் ஆகியோரின் தாய். பூவைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பூவை எடுத்துவிட்டாலும் இது மரண அறிவித்தல்தான். அவள் யாரென்று அதில் எந்த மூலையிலும் இல்லை. பிள்ளைகளை எதற்காக அதட்டினாளோ அதையே கொட்டை எழுத்தில் ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. கிஷனுக்கு இப்போதே வருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள்.

திமோத்தியின் போன் மறுபடி அடித்தது. தெரியாத நம்பர். அவர் அலுத்துப் போய் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"ஹலோ, திமோத்தி அங்கிளா?" ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கி வந்தது. "என் பேரு புனிதா, பந்திங்லேர்ந்து பேசறேன். ஆன்டியோட வெப்சைட்ட எனக்கு அனுப்பின ஃப்ரெண்டுதான், ஆன்டி தவறிட்டாங்கன்னு மெசேஜ் போட்டிருந்தா. எனக்கு அவங்களத் தெரியாது அங்கிள். ஆனா அவங்க பக்கத்த ரெண்டு வாரமா தெனமும் பாத்துக்கிட்டிருந்தேன்."

திமோத்தி வாயைத் திறந்தார். மகதலேனா கையைக் காட்டி அவரைத் தடுத்தாள்.

"கீழ சின்னதா பேச்சுப் பயிற்சின்னு போட்டிருந்துச்சு. பிள்ளைங்க பொறந்ததுலேர்ந்து ஒன்பது வருஷமா வீட்டுலதான் இருக்கேன். மறுபடி வேலைக்குப் போகணும். இன்டர்வியூன்னா வாயே வர மாட்டேங்குது. ஆன்டிகிட்ட கேக்கலாம்னு நம்பர எடுப்பேன், பாத்தா ஒங்க பேரு இருக்கும். ஒரு ஆம்பளைக்குப் போன் போட்டு எனக்குப் பேச வராதுன்னு எப்படி அங்கிள் சொல்றது? நாளைக்குப் பாக்கலாம்னு வெச்சிருவேன். தெனமும் அதேதான். இன்னிக்கு துக்கம் கேக்கத்தானேன்னு தைரியமா போட்டுட்டேன். கொஞ்சம் முன்னாலயே கூப்பிட்டிருக்கணும். மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தது. தினமும் ஒருத்தி கதவு வரைக்கும் வந்து நின்றிருக்கிறாள். கதவில் புருஷன் நம்பரை மாட்டி வைத்துவிட்டு, ஏன் யாரும் தட்டவில்லை என்று இவள் உள்ளே உட்கார்ந்து குழம்பியிருக்கிறாள். கண்டவன் கூப்பிடக் கூடாது என்று செய்த காரியம், கூப்பிட வேண்டியவளையே நிறுத்திவிட்டது.

போனை எடுத்து வாயருகே வைத்தாள்.

"புனிதா, நான் மகதலேனா பேசறேன்மா. உயிரோடதான் இருக்கேன்."

"ஐயோ முருகா!" என்று ஓர் அலறல், ஏதோ கீழே விழுந்து உருளும் சத்தம். வெகுநேரம் மூச்சு வாங்கியது. மகதலேனா நடந்ததைச் சொன்னாள். படத்தைச் சொன்னாள், பூவைச் சொன்னாள், வாட்சாப் குழுவைச் சொன்னாள். புனிதா அழுதபடியே சிரிக்க ஆரம்பித்தாள். இவளும் சிரித்தாள். திமோத்தி இரண்டு பேருக்கும் பைத்தியமா என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்குக் கிளாஸ் கெடைக்குமா ஆன்டி?"

"கெடைக்கும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வர்றியா? லிங்க் அனுப்பறேன்."

"வரேன் ஆன்டி." வைக்கப் போனவள் நிறுத்தினாள். துக்கம் கேட்க வந்தபோது இருந்த பயம் குரலில் இன்னும் மிச்சம் இருந்தது. "நாளைக்கும் இருப்பீங்கல்ல ஆன்டி?"

"இருப்பேன்மா. எங்கயும் போகல."

சொன்ன பிறகுதான், கிஷனுக்கும் பதில் சொல்லிவிட்டோம் என்பது மகதலேனாவுக்கு உறைத்தது.